முன்னுக்கு ஒன்று

பஞ்சிகாவத்தையில்
லொறி ஸ்பிரிங்குகள் குவிந்த ஒழுங்கையின் கடைசியில்
இம்தாத்தின் கடை.
கூரைக் கம்பியில் டயர்கள்,
புதுச் செருப்பின் வாசம்.
ஒவ்வொன்றாய் இறக்கச் சொல்லி
பெருவிரலால் பல்லை வளைத்துப் பார்க்கிறேன்,
மாம்பழம் வாங்க வந்தவளைப் போல.

எங்க ஓடப் போறீங்க?
பாதுக்கை. றப்பர் தோட்டம். ஞாயிறு காலை.
மழை வருமா?
அதைத்தான் நானும் கேட்கிறேன்.

இது ஒக்டோபர்.
கொள்ளுப்பிட்டியில் விரித்த குடையை
பொரளையில் மடக்க வேண்டிய மாதம்.
கைப்பேசி நாற்பது வீதம் என்கிறது.
நாற்பது வீதம் என்றொரு சேறு கிடையாது.

காய்ந்த கபுக் மண்ணுக்கு
பல் குட்டையாய், நெருக்கமாய்,
இருப்பதே தெரியாமல் உருள வேண்டும்.
சேற்றுக்கு
பல் நீண்டு, இடைவெளி விட்டு,
கடித்ததைத் துப்பத் தெரிய வேண்டும்.
துப்பாத டயர் அரைச் சுற்றுக்குள்
களிமண் உருண்டையாகிச் சட்டத்தில் இறுகும்.
போன வருடம் அப்படித்தான்
சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு
பதினோராவதாய் வந்தேன்.
ஈர வேர்களுக்கு இரண்டும் போதாது:
மெத்தென்ற றப்பர், குறைந்த காற்று,
பிரேக்கை மறந்துவிடும் விரல்கள்.

தினூஷாவிடம் இரண்டு சோடிச் சில்லு.
வெயிலுக்கொன்று, மழைக்கொன்று.
அண்ணன்காரன் ஏற்றி வருவான்,
காலையில் மண்ணைக் கிள்ளிப் பார்த்து மாட்டுவான்.
அவளிடம் வான் இருக்கிறது.
என்னிடம் வானம்.

இம்தாத் விலை சொல்கிறான்.
மறுபடி கேட்கிறேன்,
வேறு பதில் வருமென்றல்ல,
சம்பளத்தை மனதுக்குள் எண்ணி முடிக்க.
ஒன்றுக்குத்தான் காணும்.
அப்ப முன்னுக்குப் போடுங்க, என்கிறான்,
பின்சில்லு வழுக்கினா டான்ஸ்.
முன்சில்லு வழுக்கினா ஆஸ்பத்திரி.

நீண்ட பல்லைக் காட்டி
அதை, என்றேன்.

கொட்டாஞ்சேனை. நாலாம் மாடி நடைபாதை.
சோப்புத் தண்ணீர், கரண்டிக் காம்பு, காற்றுப் பம்பு.
டயரின் விளிம்பு ரிம்மில் ஏறி உட்கார்ந்த சத்தத்துக்கு
ஜெசிந்தா கதவைத் திறந்து
பியூஸ் போயிட்டுதா, என்றாள்.
இல்லையக்கா. இருந்துவிட்டது.
புது டயரின் மெல்லிய றப்பர் மயிர்களில் ஒன்றைப்
பிடுங்கிப் பார்த்தேன், காரணமில்லாமல்.

படுத்த பிறகுதான் நினைவு வந்தது.
இங்கிருந்து அந்தத் தோட்டத்துக்கு
முப்பத்தைந்து கிலோமீற்றர் தார்.
பாதையின் நிலைமை என்று சொல்லும்போது
யாரும் அதைச் சேர்ப்பதில்லை.
சேற்றுக்கென்று வாங்கிய பல்லை
ஹைலெவல் வீதியில் தேய்த்துக்கொண்டுதான் போகவேண்டும்.
எழும்பினேன். நாற்பது வரைக்கும் காற்றடித்தேன்.
ஜெசிந்தா இந்தமுறை திறக்கவில்லை.

விடியற்புறம் நாலு மணி.
ஆமர் வீதியில் ஒரு பூனை, ஒரு பொலிஸ்காரர்.
என் முன்சில்லு தாரில் இரைகிறது,
பெட்டிக்குள் அடைத்த தேனீக்களைப் போல.
நுகேகொடை, மகரகம.
கொட்டாவையில் ஒரு நாய்
இரைச்சலையே துரத்தி வந்தது, என்னையல்ல.
ஹோமாகமையில் தூறியது.
மீகொடையில் நின்றுவிட்டது.

தோட்ட வாசல்.
மரங்களில் கவிழ்த்து வைத்த சிரட்டைகள்.
இலைகளிலிருந்து சொட்டுவது
நேற்றைய மழையா இன்றையதா தெரியவில்லை.
முழங்காலில் இருந்து வால்வை அழுத்தினேன்.
கொழும்பின் காற்று சீறி இறங்கியது,
நாற்பது, முப்பது,
பெருவிரல் போதுமென்று சொல்லும்வரை.
பல்லின் ஓரம் கொஞ்சம் மழுங்கியிருந்தது.

தினூஷாவின் அண்ணன்
மண்ணைக் கிள்ளினான், உருட்டினான், முகர்ந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு என் முன்சில்லைப் பார்த்தான்.
வானுக்குத் திரும்பிப் போய்
மாட்டியிருந்த சோடியைக்
கழற்றத் தொடங்கினான்.